வெள்ளையில் எழுதிய வார்த்தைகள்

அத்தையின் தையல் அறைக்குப் பலகை கிடையாது. பட்டன் வைக்கிறவள், கிழிந்ததைத் தைக்கிறவள் என்றுதான் தெரு நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையான வேலை வேறு. நோய் வந்து மார்பை எடுத்துவிட்ட பெண்களுக்கு, உள்ளே வைக்கும் மெத்தையும் அதைத் தாங்கும் பையுள்ள உள்ளாடையும் தைக்கிறாள். இரண்டு பக்கமும் கனம் ஒத்துப்போகாவிட்டால் தோள் சாய்ந்துவிடுமாம். அதனால் சமையலறைத் தராசு தையல் மேசையில்தான் குடியிருக்கும். சர்க்கரை நிறுக்க வேண்டுமென்றால் மாமா அவளிடம் அனுமதி கேட்க வேண்டும்.

இதையெல்லாம் யாரும் கடையில் போய்க் கேட்கமாட்டார்கள். தனியாக உட்கார்ந்து போனில் தேடுவார்கள். அத்தையின் இணையப் பக்கம் முதலாவதாக வரும். பிறகு கூப்பிடுவார்கள், பெரும்பாலும் கிசுகிசுப்பாக.

திடீரென்று யாரும் கூப்பிடவில்லை.

போன் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். "வாலு, அடுத்த அறையிலேருந்து எனக்கு ஒரு போன் போடு" என்றாள். வாலு நான்தான். போட்டேன். அடித்தது. குரலைக் கனமாக்கி, "காவல் நிலையத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் கத்தரிக்கோல் எங்கள் பிடியில்" என்றேன். மற்ற நாளாக இருந்தால், "அப்படியே எங்க வீட்டு வாலையும் புடிச்சு உள்ள வைங்க சார்" என்பாள். அன்று, "அப்போ போன் நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். 

பக்கத்தை அமைத்துக் கொடுத்த செல்போன் கடை அண்ணன் மடிக்கணினியோடு வந்தார். தேடிப் பார்த்தார். முதல் பக்கத்தில் இல்லை, எவ்வளவு புரட்டியும் இல்லை. தேடுபொறிக்காரர்கள் செய்தி அனுப்பும் இடத்தைத் திறந்தார். அங்கே ஒன்று காத்துக் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத சொற்களை வைத்து ஏமாற்றுவதால் உங்கள் பக்கத்தைத் தேடலிலிருந்து நீக்கிவிட்டோம் என்று.

அத்தை பின்னால் பார்க்காமலே உட்கார்ந்தாள். நல்லவேளை, நாற்காலி இருந்தது.

"என்னக்கா எழுதி வச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் பக்கத்தின் அடிப்பகுதியை இழுத்துத் தேர்ந்தெடுத்தார். வெறுமை என்று நாங்கள் நினைத்த இடத்தில் நீலம் படர, எழுத்துகள் எழுந்து வந்தன. மார்பு எடுத்த பிறகு என்ன போடுவது. ஒரு பக்கம் மட்டும் மார்பு இல்லை. தழும்பு உறுத்தாத உள்ளாடை. வெள்ளைமேல் வெள்ளை.

"அவங்க இப்படித்தான் தேடுவாங்க" என்றாள் அத்தை. "ஆனா திறக்கும்போது பக்கத்துல மாமனார் உட்கார்ந்திருப்பார், புள்ளைங்க இருக்கும். அந்த வார்த்தை பளிச்சுனு தெரிஞ்சா உடனே மூடிடுவாங்க. அதான்..."

"தேடுற மெஷினுக்குத் தெரியணும், மாமனாருக்குத் தெரியக்கூடாது" என்றார் அண்ணன். "நல்ல எண்ணம்தான். திருட்டுப் பசங்களும் இதையேதான் பண்றாங்க. ஒண்ணு அழிங்க, இல்லைன்னா கறுப்பாக்குங்க."

அழித்தால், அந்தச் சொற்களோடு தேடுகிறவள் இங்கே வந்து சேரமாட்டாள். கறுப்பாக்கினால் தெருவே படிக்கும். இந்த வேலை இவளுக்கு எப்படித் தெரியும் என்று ஆரம்பிக்கும். அத்தைக்கும் ஒரு பக்கம் மார்பு இல்லை. எங்கள் வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குத் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது.

கொஞ்ச நாள் அவள் எதையும் தைக்கவில்லை. மாமா பேருந்து ஓட்டுநர். "கறுப்பாக்கினா என்ன? தெருவுல பாதிப் பேர் என் வண்டியிலதான் வர்றாங்க. யாராவது வாயைத் திறந்தா அடுத்த நிறுத்தத்துல இறக்கி விட்டுடறேன்" என்றார்.

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு."

"பயத்துலதான்டி பேசறேன்."

மறுநாள் அத்தை அண்ணனைக் கூப்பிட்டாள். "கறுப்பாக்குப்பா. பெரிசாவே போடு." மறுபரிசீலனைக்கு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. "வேற யாரோ செஞ்சது, எனக்குத் தெரியாதுன்னு போட்டுடலாமாக்கா?" என்றார் அண்ணன்.

"ஏற்கெனவே ஏமாத்துக்காரின்னு பேரு. வேணாம். வெட்கப்பட்டு மறைச்சேன்னு போடு."

அனுப்பிய பிறகு அவள் போனை விட்டு நகரவில்லை. குளிக்கப் போனால்கூட பிளாஸ்டிக் பைக்குள் அதுவும் போனது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தையல் மெஷின் நின்றுவிடும். ஒருநாள் மாடி வீட்டுக்காரி எங்கள் ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் நின்றாள். "படிச்சிருப்பாளோ?" என்றாள் அத்தை. தும்மல் வருமா வராதா என்று பார்க்கத்தான் நின்றாள் என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

பதில் வந்தது. தடையை நீக்கிவிட்டார்கள். அத்தை நம்பாமல் என்னை ஒரு தடவை வாசிக்கச் சொன்னாள், பிறகு அண்ணனை. ஆனால் போன் மட்டும் அடிக்கவில்லை.

"மன்னிப்பு வேற, பழைய இடம் வேறக்கா" என்றார் அண்ணன். "அங்க இப்ப வேற யாரோ உட்கார்ந்திருக்காங்க. மெதுவா ஏறணும். ஏறாமலும் போகலாம்."

"எங்கயோ ஒருத்தி தேடிக்கிட்டே இருப்பா" என்றாள் அத்தை, மெஷினைப் பார்த்து.

ஒரு மத்தியானம் போன் அடித்தது. அத்தையின் கை நிறையத் துணி. நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். ஆண் குரல். அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. திட்டத்தான் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நானும் நினைத்தேன்.

"உங்க பக்கத்துல கறுப்பா எழுதியிருக்கே, கடைசி வரி..." என்று இழுத்தார் அவர். "அது என் வீட்டுக்காரிக்கு வேணும்."

"அவங்களைப் பேசச் சொல்லுங்க."

"பேசமாட்டேங்கறா."

போன் கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு மட்டும். "வலிக்குதாம்மா?" என்றாள் அத்தை.  வைத்துவிடுவாளோ என்று போனை அத்தையின் வாய்க்கருகே நகர்த்தினேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். வெளியே போகச் சொல்வாள் என்று எழுந்தேன். சொல்லவில்லை.

"எனக்கும் ஒரு பக்கம் இல்லைம்மா" என்றாள் போனிடம்.  "எனக்கு இடது. உங்களுக்கு?"

நான் தரையில் குனிந்து, விழாத ஊசியைத் தேட ஆரம்பித்தேன். ரொம்ப நேரம் கழித்து, "வலது" என்று வந்தது.