முகத்துக்கு நேரே சந்தேகப்பட்ட கிறேஸ் அக்கா

கிறேஸ் அக்கா போய்விட்டார் என்ற செய்தியை அவருடைய இரண்டாவது வானை ஓட்டும் ரவிதான் என் கராஜுக்கு வந்து சொன்னான். நான் ஒரு லொறிக்குக் கீழே படுத்திருந்தேன். "ஆர் சொன்னது?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் கடைசிவரை பக்கத்தில் நின்றவன் அவன். அவனிடம் போய் அப்படிக் கேட்டுவிட்டேனே என்று பிறகு வெட்கமாக இருந்தது. ஆனால் யாருடைய சாவுச் செய்தி வந்தாலும் அக்காவும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

கொழும்புத்துறையிலும் அரியாலையிலும் அவரை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கணவர் இறந்த பிறகு இரண்டு வான்களை வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர். ஒன்றைத் தானே ஓட்டியவர். மீன்காரரின் தராசை நம்பமாட்டார். பெற்றோல் பம்பின் முள்ளையும் நம்பமாட்டார். உங்களில் பலர் அவரோடு கோபித்திருப்பீர்கள். நானும் கோபித்திருக்கிறேன்.

முதல் தடவை அவருடைய வானுக்கு பிரேக் கட்டைகள் மாற்றியபோது, பழையவற்றைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. வண்டியைக் கொண்டுவரும் முன்னரே ரவியைக் கொண்டு சில்லைக் கழற்றி, நகப்பூச்சால் அடையாளம் வைத்திருக்கிறார். நான் உண்மையில் மாற்றுகிறேனா என்று பார்க்க. எனக்கு முகம் கறுத்துவிட்டது.

"உன்னிலை பிழை பிடிக்கேல்லைத் தம்பி," என்றார். "உன்னை நம்புறதுக்கு ஒரு வழி தேடுறன்."

அதற்குப் பிறகு வேறு கராஜுக்கு அவர் போகவில்லை. ஆனால் நான் வேலை செய்யும்போதெல்லாம் பக்கத்தில் நின்றார். எது எங்கே போகிறது, எதைக் கழற்றினால் என்ன நடக்கும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

புதிய வாகனங்கள் வரத் தொடங்கிய காலம் அது. கொம்பியூட்டர் உள்ள எஞ்சினில் எங்கே பிழை என்று பார்க்க ஸ்கானர் வேண்டும். என்னிடம் இல்லை, வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நகரத்துக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். அப்போது இணுவிலில் ஒருவர், தான் வெளிநாடு போவதால் பாவித்த ஸ்கானர் ஒன்றை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். ஒருமுறை போய்ப் பார்த்தேன். தன் காரில் பொருத்திக் காட்டினார். அருமையாக வேலை செய்தது. அக்காவிடம் சொன்னபோது, வாங்குகிற அன்று தானும் வருவதாகச் சொன்னார். "நீ அதிலை ஆசைப்பட்டிட்டாய். உன்ரை கண்ணுக்கு இனி ஒண்டும் தெரியாது."

அவருடைய வானிலேயே போனோம். வழியில் வண்டி கொஞ்சம் இழுக்க மறுத்தது. அக்காவின் ஓட்டம் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

விற்பவர் நாற்பது வயதுக்குள் இருப்பார். மரியாதையான ஆள். தேநீர் தந்தார். முற்றத்தில் தன் காரில் மறுபடியும் பொருத்திக் காட்டினார். அக்கா தேநீரை வைத்துவிட்டு, எங்கள் வானில் போட்டுப் பார்க்கவேண்டும் என்றார். அவர் சற்றுத் தயங்கினார். பிறகு கொண்டுவந்து பொருத்தினார். கொஞ்ச நேரம் ஓடியபின், எந்தப் பிழையும் இல்லை என்று திரை பச்சையாகச் சொன்னது.

"வடிவாய்ப் பராமரிச்ச வண்டி, அக்கா," என்றார் அவர்.

அக்கா டாஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்னக் கறுப்பு ஒட்டுநாடாவை உரித்தார். அதன் கீழே எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிறகு இறங்கிப் பொனற்றைத் திறந்தார். காற்றின் அளவைச் சொல்லும் சென்சரின் பிளக் கழன்று தொங்கியது. காலையில் அவரே கழற்றியிருக்கிறார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்த மெக்கானிக் நான், எதையும் கவனிக்கவில்லை.

எஞ்சினை ஓடவிட்டு ஸ்கானரில் சூட்டின் அளவைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் ஓடியும் இலக்கம் அசையவில்லை. விற்பவரின் காரோடு அது பேசியது உண்மை. எங்கள் வானோடு அது பேசவேயில்லை; பேசியதுபோலக் காட்டிக்கொண்டது.

தனக்கு இது தெரியாது, தானும் நம்பித்தான் வாங்கியதாக அவர் சொன்னார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உந்த ஸ்கானரைப் பாத்து ஆருக்காவது வாகனம் நல்லதெண்டு சொன்னனீரோ?"

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். தங்கையின் கணவர் ஒரு பழைய வான் வாங்கப்போகிறாராம். இவர்தான் ஸ்கானரைப் போட்டுப் பார்த்துவிட்டு, துணிந்து எடுக்கச் சொல்லியிருக்கிறார். நாளைக்குக் காசு கைமாறப்போகிறது.

"இப்பவே போனிலை கதையும்," என்றார் அக்கா. அவர் போன் எடுத்து, அந்த வானை எடுக்கவேண்டாம், வேறு ஆளிடம் காட்டுங்கள் என்று சொல்லிமுடிக்கும்வரை அக்கா அசையவில்லை.

திரும்பும் வழியில், பாவம், அந்த மனிதன் ஏமாந்துவிட்டான் என்றேன். "ஏமாந்திருக்கலாம். எங்கடை தலையிலை கட்டப் பாத்திருக்கலாம். ரண்டுமாயும் இருக்கலாம்," என்றார். கொஞ்சத் தூரம் போனபின், என்னையும் சேர்த்தா சோதித்தீர்கள் என்று கேட்டேன்.

"ஓம். உன்னையுந்தான்."

நான் அரியாலைச் சந்தியில் இறங்கி நடந்தேன். அந்த ஆளும் நானும் அவருக்கு ஒன்றுதானா என்ற கோபம் பல கிழமைகள் நீடித்தது.

பிறகு இன்னொரு ஸ்கானர் விலைக்கு வந்தது. பார்த்தேன், மறுபடியும் ஆசைப்பட்டுவிட்டேன் என்று எனக்கே விளங்கியது. கொழும்புத்துறைக்கு அவர் வீட்டுக்குப் போய் நின்றேன். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். அந்த ஸ்கானர் வானில் இரண்டு பிழைகளைக் காட்டியது. ஒன்று அவர் கழற்றிவிட்டது. மற்றதைத் தனக்குத் தெரியாது, இதுவும் பொய் சொல்கிறது என்று வாதாடினார். வயரை எலி கடித்திருந்த இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான், "சரி, வாங்கு," என்றார்.

இத்தனை வருடத்தில் என்னைப் பற்றிப் பலர் சந்தேகப்பட்டிருப்பார்கள். சிரித்துக்கொண்டு காசைத் தந்துவிட்டு, அடுத்த சந்தியில் கதைத்திருப்பார்கள். என் முகத்துக்கு நேரே நின்று, பார்த்து, கேட்டு, பிறகு திரும்பத் திரும்ப என்னிடமே வந்தவர் கிறேஸ் அக்கா ஒருவர்தான். சேமக்காலையில் மண் போடும்போது இதை அவருடைய மகனிடம் சொல்ல நினைத்தேன். கையிலிருந்த மண்ணைப் போட்டுவிட்டு விலகி வந்துவிட்டேன்.

அவரிடமிருந்து என்னோடு தங்கியது இதுதான்: வண்டி கொண்டுவருபவர்களை இப்போது பக்கத்தில் வந்து நிற்கச் சொல்கிறேன். திரையை அவர்கள் பக்கம் திருப்புகிறேன். கேளுங்கோ என்கிறேன். அனேகமானவர்கள், "உங்களை நம்பிறம் அண்ணை," என்று சொல்லிவிட்டு வெளியே போய் போனைப் பார்க்கிறார்கள்.

எனக்கு அது போதாமல் இருக்கிறது.