சித்தப்பாவின் ஓரணாக் கணக்கு

"எதுக்கு?" என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வருகிறது. அதற்கு என் சித்தப்பாதான் காரணம்.

பர்மா சண்டையில் இரண்டு கண்களையும் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். அதற்குப் பதிலாகச் சர்க்கார் மாதம் இருபத்திரண்டு ரூபாய் கொடுத்தது. மாதப் பிறப்பில் அப்பா தம்பியை மத்திகிரியிலிருந்து ஒசூர் தாலுகா கச்சேரிக்கு அழைத்துப் போவார். கைநாட்டு சித்தப்பாவுடையது, பணம் போகும் பை அப்பாவுடையது. பிறகு மாதம் முழுக்க ஒரு பொடி மட்டை வாங்கக்கூட சித்தப்பா அரையணா கேட்டு நிற்க வேண்டும். அப்பா கெட்டவர் இல்லை. கேட்டதைக் கொடுத்துவிடுவார். கொடுக்குமுன் "எதுக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்பார், அவ்வளவுதான்.

ஒரு நாள் சித்தப்பா திருப்பிக் கேட்டுவிட்டார். "என் கண்ணுக்குக் குடுக்கற காசுண்ணா அது. எதுக்குன்னு கேக்க நீ யாரு?" என்றார். மறுமாதப் பணம் வந்ததும் அடுத்த தெருவில் இரண்டு ரூபாய் வாடகைக்கு ஓர் அறை பிடித்துக்கொண்டார்.

"பத்து நாள் தாங்கமாட்ட. யார்கிட்டயாவது ஒரு காசு கேட்டுட்டன்னா, திரும்பி வந்து பணத்த என் கையில குடுத்துடணும்" என்றார் அப்பா.

"செரிண்ணா. அடுத்த பணம் வர்ற வரைக்கும் பாத்துக்க."

எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் சித்தப்பா கட்சி. பள்ளிக்கூடம் விட்டதும் அவர் அறைக்கு ஓடிவிடுவேன். வாடகை, ராகி, விறகு, எண்ணெய் என்று அவர் வாயாலேயே பங்கு போட்டுச் சொல்வார். களிக்கு மாவு அளப்பது, பானையில் தண்ணீர் அளவு பார்ப்பது எல்லாம் விரலால்தான்.

ஆனால் அவர் தனிக்குடித்தனம் போன நேரம், நாட்டில் நயா பைசா வந்த நேரம். பழைய காசும் புதுக் காசும் ஒன்றாகப் புழங்கின. ஒரு வாரம் போனதும் அவர் பையைக் கொட்டி என்னை எண்ணச் சொன்னார். "சித்தப்பா, இதுங்க அணா இல்ல. ரெண்டு பைசா" என்றேன். கடைக்காரர் மீதிச் சில்லறையில் அணா என்று சொல்லித் தள்ளிவிட்டவை. பத்துக் காசுகள். அவர் முகம் செத்துப்போயிற்று. பத்து நாள் தாங்கமாட்டாய் என்று அப்பா சொன்னது என் காதில் கேட்டது.

அவர் இரண்டு காசுகளை எடுத்து ஓரத்தை விரலால் சுற்றிச் சுற்றி வந்தார். "அணாவுக்குப் பன்னெண்டு வளைவு. இதுக்கு எட்டு. இனிமே ஏமாத்த முடியாது" என்றார். பிறகு, பள்ளிக்கூடத்தில் புதுக்காசுக் கணக்கு சொல்லித் தந்தார்களா என்று கேட்டார். நான் ஒப்பித்தேன். ஓரணாவுக்கு ஆறு பைசா, இரண்டணாவுக்குப் பன்னிரண்டு, மூன்றணாவுக்குப் பத்தொன்பது, நாலணாவுக்கு இருபத்தைந்து.

"நில்லு. நாலு ஆறு எத்தன?"

"இருவத்துநாலு."

சித்தப்பா சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மறுநாள் கடையில் ஓரணாவுக்குத் துவரம்பருப்பு கேட்டார். ஆறு பைசா கொடுத்தார். நகரவில்லை. இன்னும் ஓரணாவுக்கு என்றார். இன்னொரு ஆறு பைசா. நாலாவது தடவை கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன் சாமி, நாலணாவுக்கு ஒரேயடியா வாங்கினா என்னா?"

"ஒரேயடியா வாங்குனா இருவத்தஞ்சு. ஒண்ணொண்ணா வாங்குனா இருவத்துநாலு. சர்க்கார் போட்ட கணக்கு, நான் போட்டதில்ல."

"பேடா சாமி, வாண்டாம். என் தராசு தேஞ்சுபோவும்."

"தேயட்டும். எட்டு வளைவுக் காச அணான்னு குடுத்தப்ப உன் கை தேயலயே."

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ராகியும் ஓரணா ஓரணாவாக, உப்பும் அப்படியே. மூன்றாம் நாள் கடைக்காரரே இறங்கி வந்து, நாலணாச் சாமானை இருபத்துநாலு பைசாவுக்கு மொத்தமாகக் கட்டிக் கொடுத்தார். போன காசு பைசா பைசாவாகத் திரும்பி வந்தது. மாசக் கடைசியில் பையில் ஐந்தணா மீதி இருந்தது. யாரிடமும் ஒரு காசு கேட்கவில்லை.

இந்தச் செய்திகளை அன்றன்றைக்கு நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோவேன். அம்மா மோரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவாள். அந்த மாதம் எங்கள் வீட்டில் மோர் மோராக இல்லை. மாடு சரியாகக் கறக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். காசு கொடுத்து வாங்கும் பால் அது என்பது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த பணம் வாங்க சித்தப்பா என்னைத்தான் கூட்டிப்போனார். பணம் அவர் பையில் இருந்தது. அன்று சாயங்காலம் அப்பா அந்த அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"இருந்தா ஒரு மூணு ரூபா குடு" என்றார்.

இதற்காகத்தானே ஒரு மாதம் காத்திருந்தேன். சித்தப்பா பையைத் துழாவி, ஒவ்வொரு தாளாகத் தடவிப் பார்த்து எடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சித்தப்பா, எதுக்குன்னு கேளுங்க" என்றேன்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பா பணத்தை நீட்டிக்கொண்டே, "நீ போயி அண்ணனுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா" என்றார்.

செம்பை எடுக்கப் போனேன். ஜெயித்த அன்றைக்குப் பார்த்து முக்கியமான கேள்வியை மறந்துவிட்டாரே என்று அவர் மேல் எனக்கு ரொம்ப நாள் வருத்தம் இருந்தது.