ஒரே தொட்டியில் வளர்ந்த மீன்கள்

எங்கள் ரப்பர் தோட்டம் பாடாங் மேஹாவிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. வெள்ளைக்காரத் துரை பங்களாவில் இருந்த காலம். அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் பால்மரம் வெட்டினார்கள். நான் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டேன்.

அப்பா குடித்தாலும் அடிப்பார், குடிக்காவிட்டாலும் அடிப்பார். கள்ளின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கக்கூட எங்களுக்கு வழியில்லை. அம்மாவுக்கு இடது காது கேட்காமல் போனது அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத நாளில்தான். தாத்தாவும் அப்படித்தான் இருந்தாராம். கப்பலை விட்டு இறங்கும்போதே அப்படித்தான் இறங்கினார் என்று லயத்து வரிசை வீடுகளில் வயதானவர்கள் சொல்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா அம்மாவின் முடியைப் பிடித்து இழுத்தபோது, அண்ணன் விறகுக்கட்டை ஒன்றை எடுத்து அவர்மேல் ஓங்கினான். ஓங்கியதோடு சரி. அப்பா அவனை ஒரு பார்வை பார்த்தார், அம்மாவை விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “அப்பன் ரத்தம்லா, எங்க போகும்” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் நான் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“கைய ஓங்கினப்ப எனக்கு நல்லா இருந்துச்சு, தங்கச்சி. அதுதான் பயமா இருக்கு.”

தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தேன்.

அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே சண்டை மீன் வளர்க்கும் பழக்கம் உண்டு. மலாய்க்காரர்கள் ஈக்கான் லாகா என்பார்கள். வயல் பக்கத்து வாய்க்காலில் பிடிக்கும் மீன் பழுப்பாக, சாதாரணமாக இருக்கும். இரண்டு ஆண் மீனை ஒரே போத்தலில் விட்டால் செவுளை விரித்து மிரட்டும், ஒரு கடி கடிக்கும், பிறகு ஒன்று மூலையில் ஒடுங்கிவிடும். கூலிம் பட்டணத்தில் ஒரு சீனர் சயாமிலிருந்து வந்த மீன்களை வளர்த்தார். அவை கருநீலமும் ரத்தச் சிவப்புமாக இருக்கும். ஜெயித்த மீனை மட்டுமே வைத்து, அதன் குஞ்சில் ஜெயித்ததை மட்டுமே வைத்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்த சாதி. அவை சண்டையில் ஒதுங்காது. துடுப்பு கிழிந்து எலும்பு தெரிந்தாலும் திரும்பி வரும். அதனால் அவரிடம் போத்தலுக்கும் போத்தலுக்கும் நடுவில், ஒன்றையொன்று பார்க்காதபடி, அட்டை செருகியிருக்கும்.

அந்தச் சீனரிடமிருந்து அண்ணன் ஒரு சோடி வாங்கி வந்தான். பந்தயத்துக்கா என்று கேட்டேன். இல்லை என்றான். இதன் குஞ்சுகளைப் பிரிக்காமல், ஒரு சண்டையையும் காட்டாமல், எல்லாவற்றையும் ஒன்றாக வளர்த்துப் பார்க்கப் போவதாகச் சொன்னான். எதற்காக என்று அவன் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

பங்களாவில் கழித்துப்போட்ட குளிக்கும் தொட்டி ஒன்றைக் கொல்லைக்குத் தூக்கி வந்து, கெத்தாப்பாங் எனும் நாட்டுவாதுமை இலை போட்டுத் தண்ணீரை ஊறவைத்தான். ஆண் மீன் நுரையால் கூடு கட்டியது. முட்டை போட்டதும் பெட்டையை அப்புறப்படுத்திவிட்டான். விட்டிருந்தால் ஆணே கொன்றிருக்கும். ஆனால் கூட்டிலிருந்து நழுவி விழுந்த ஒவ்வொரு குஞ்சையும் அதே ஆண் வாயில் ஏந்திக்கொண்டு போய்த் திரும்பக் கூட்டில் வைத்தது. அண்ணன் வேலை முடிந்து வந்து, சாப்பிடாமல்கூட அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினான். அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் தகப்பனையும் எடுத்துவிட்டான். நாங்கள் இருவரும் கொசுப்புழு பிடித்துப் போட்டு வளர்த்தோம். அவை கூட்டமாகத் திரிந்தன, கூட்டமாகத் தின்றன. அண்ணன் அந்த நாட்களில் சிரித்துப் பேசினான். புக்கிட் செலம்பாவில் இருந்த மாமன் மகளைப் பரிசம் போட வரச் சொல்லி ஆள் வந்தபோது சரி என்றான். அந்தப் பெண்ணுக்கு அண்ணனைப் பிடித்திருந்தது. திருவிழாவில் என்னிடம் வெட்கப்படாமல் அதைச் சொல்லியிருந்தாள்.

நிறம் ஏற ஏறத்தான் மாறியது. முதலில் ஒன்று மற்றொன்றை விரட்டியது. விளையாட்டு என்றான் அண்ணன். பிறகு ஒரு காலை, பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன் தொட்டியைப் பார்க்கப் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். நான் போய்ப் பார்த்தேன். தண்ணீர் முழுக்கத் துடுப்புக் கிழிசல். ஐந்தாறு மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. மற்ற ஆண் மீன்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கையை விட்டுப் பிரித்தாலும் கையைச் சுற்றிக்கொண்டு போய்க் கடித்தன.

அன்று அவன் பெரட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் அம்மாவிடம் கல்யாணம் வேண்டாம் என்றான். அம்மா அழுதாள், கெஞ்சினாள். மீனைப் பார்த்து மனுஷன் முடிவெடுப்பானா என்று கேட்டாள்.

“நீ அவரு மாதிரி இல்லடா. பெத்தவளுக்குத் தெரியாதா?”

“இப்ப இல்லம்மா. அதுங்களும் நேத்து வரைக்கும் இல்ல.”

மாமன் வீட்டோடு உறவு அத்தோடு அறுந்தது. அப்பாவுக்கு நடந்தது ஒன்றும் விளங்கவில்லை. கல்யாணம் நின்ற அவமானத்துக்காக அம்மாவை அடித்தார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான். இந்த முறை விறகைத் தொடவில்லை. அம்மாவை நான்தான் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். கொஞ்ச நாளில் அவன் செர்டாங் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டான்.

எனக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகு அவனைப் பார்க்கப் போனேன். ஒற்றை அறையில் தனியாக இருந்தான். மகனை அவனிடம் நீட்டினேன். வாங்காமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். கீழே விட்ட குழந்தை அவன் வேட்டியைப் பிடித்து எழ முயன்றபோதும் குனியவில்லை.

அத்தனை வருஷமும் யோசித்து வைத்திருந்ததை அன்று சொன்னேன். வாய்க்காலில் தோற்ற மீனுக்கு ஓட இடம் இருக்கிறது, தொட்டியில் இல்லை. ரத்தத்தை மட்டும் குறை சொல்ல முடியாது, அண்ணே என்றேன். ஒருவேளை அவற்றைத் தொட்டியில் போட்டதுதான் காரணமோ என்னவோ.

அவன் கவனமாகக் கேட்டான்.

“இருக்கலாம், தங்கச்சி. இப்ப எதுக்கு அது?”

பிறகு அடுப்பைப் பற்றவைத்துச் சோறு வடித்தான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு தட்டு. முதலில் எனக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை சுவரோரமாக நின்றான்.