அப்பாவின் நெற்றியில் அக்கி

ஆய்வகத்தில் எனக்குப் பிடித்த இடம் நுண்ணோக்கி இருக்கும் இருட்டறை. வெளியே கொல்கத்தா மதிய வெயிலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். உள்ளே வந்து திரையை இழுத்துவிட்டால் கடலுக்கடியில் போன மாதிரி இருக்கும். அங்கே உட்கார்ந்து ஹெர்ப்பிஸ் குடும்பத்து வைரஸ் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. சின்ன வயதில் அம்மையாக வந்து, வயதான பிறகு அக்கியாக வெளிப்படுமே, அதே வைரஸ். அதன் மரபணுக்கள் வேலை செய்தால் பச்சையாக ஒளிரும்படி செய்து வைத்திருந்தோம்.

தோல் செல்களுக்குள் விட்டால் அதற்கு வாய் மூடாது. மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழித்துக்கொண்டு, கண்ணாடித் தட்டு முழுக்கப் பச்சையாகிவிடும். நரம்புச் செல்லுக்குள் போனால் அதே வைரஸ், அதே மரபணுக்கள், ஆனால் பேச்சு மூச்சு இருக்காது. செல் அவற்றை இறுகச் சுருட்டி வைத்துவிடும். பல வருடங்கள் அப்படியே கிடக்கும். எது அதை எழுப்புகிறது என்பதுதான் என் கேள்வி. அந்தச் செல்களின் நீண்ட இழைகளைப் பார்த்துக்கொண்டே பாதித் தூக்கத்தில் மிதப்பேன். அதை உழைப்பு என்று வேறு சொல்லிக்கொள்வேன்.

ஒரு புதன்கிழமை அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். ரயில்வேயில் ஓய்வு பெற்ற அப்பாவும் அவளும் கார்டன் ரீச்சில் இருக்கிறார்கள். நான் காளிகாட்டில் தனியாக.

"அப்பாவுக்கு நேத்துலேர்ந்து நெத்தியில அக்கிடி. நம்மூர்னா குயவர் வந்து எழுதுவாரு. இங்க யாரைப் போய்த் தேடுறது? நானே காவியைக் கரைச்சு எழுதிட்டேன்."

திரையில் அப்பா வந்தார். நெற்றியின் இடப்பக்கத்திலிருந்து மூக்கு நுனி வரை செங்காவி அப்பியிருந்தது. அக்கி இறங்க அதன் மேல் காவியால் எழுதும் சிங்கப் படம் அம்மாவின் கையில் பூனையாகிவிட்டிருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஞாயித்துக்கிழமை வரேம்ப்பா" என்றேன். அன்றுதான் என் நரம்புச் செல்களில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி தெரியத் தொடங்கியிருந்தது. அதை விட்டுவிட்டுப் போக மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஈரத்துணியால் காவியைத் துடைத்தேன். மூக்கு நுனியில் இரண்டு கொப்புளங்கள். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பிலிருந்துதான் கிளை போகிறது. அங்கே கொப்புளம் வந்தால் கண்ணுக்கு ஆபத்து என்பது எனக்கு மனப்பாடம். காவி மறைத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். நான் சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான் நிஜம். இடது கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. டாக்சி பிடித்துக் கண் மருத்துவரிடம் ஓடினோம். முதல் மூன்று நாளுக்குள் மாத்திரையைத் தொடங்கியிருக்க வேண்டும் என்றார். மாணவர்களுக்கு நானே சொல்லித்தருகிற வரி அது.

கொப்புளங்கள் உதிர்ந்துவிட்டன. கருவிழியில் தழும்பு நின்றுவிட்டது. சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் ஆற்றங்கரைக்கு நடந்து போனோம். அப்பா வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு ஹூக்ளியைப் பார்த்தார்.

"எப்படிப்பா தெரியுது?"

"தண்ணியும் வானமும் ஒண்ணாத் தெரியுதும்மா. பார்க்க நல்லாத்தான் இருக்கு."

எனக்குத் தாங்கவில்லை. "அன்னைக்கே ஏம்ப்பா டாக்டர்கிட்ட போகலை?" என்று சிடுசிடுத்தேன்.

அவர் கையை எடுக்காமலே சொன்னார்: "நீ பார்த்துட்டுச் சிரிச்சியேம்மா. இதைப் படிச்சவளே சிரிக்கிறா, பயமில்லைன்னு நிம்மதியாயிட்டோம்."