கடைசி ஆளும் ‘ஆச்சு’ சொல்லும் வரை

துஷ்யந்தி குடியிருப்பது புக்கிட் மெர்தாஜாமில், கணவர் தயாளனோடு. ஆனால் டத்தோ கிராமாட்டில் அவளுக்கு இன்னொரு வீடு உண்டு, அவள் வளர்ந்த வீடு. அங்கே ஆள் கிடையாது, ஒரு பூனைகூடக் கிடையாது. இருந்தும் ஃபிரிட்ஜ் ஓடும், வாசல் விளக்கு எரியும், குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வரும். “பேய்க்கா ஐஸ் தண்ணி வைக்கிற?” என்று கேட்டுக் கேட்டு தயாளனுக்கே அலுத்துப்போயிற்று. அங்கே பக்கத்து வீட்டு ஷஹீதா வேறு, பிள்ளைகள் பள்ளி நடத்த அந்த வீட்டைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

பேய்க்கு இல்லை, தம்பி சுஜீவனுக்கு. மெல்பர்னுக்குப் போனவன், அம்மா காரியத்துக்கு வந்துவிட்டுப் போனதோடு சரி. ஆனால் கிளம்பும்போது “வரேன் அக்கா” என்றுதானே சொன்னான்? வருகிற அன்றைக்கு வீடு இருட்டாக இருக்கக் கூடாது. விளக்கை அணைத்தால் தம்பியையே கைவிட்டதாகிவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். அந்தப் பயத்துக்கு எந்தப் பதிலும் எடுபடாது.

இத்தனைக்கும் அவள் வேலையே மின்சாரத்தை எப்போது அணைப்பது என்பதுதான். புக்கிட் தெங்காவில், ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று நாடித்துடிப்பைக் காட்டும் பெட்டிகளைச் செய்யும் கம்பெனி. பட்டனை அழுத்தியதும் பெட்டிக்குள் ஒவ்வொரு பாகமாகக் கண்விழிக்க வேண்டும். எழுப்பிவிடுவதும், யாருக்கும் வேண்டாதபோது மின்சாரத்தை அணைப்பதும் துஷ்யந்தியின் புரோகிராம். பாகங்களுக்கெல்லாம் தனித்தனி மின்சார லைன் கொடுக்கக் கட்டுப்படியாகாது. படம் காட்டும் திரை, விரல் படுவதை உணரும் சில்லு, நோயாளியின் கைப்பட்டையைப் படிக்கும் ஸ்கேனர் எல்லாம் ஒரே லைனில் ஒண்டுக்குடித்தனம்.

ஒண்டுக்குடித்தனத்தைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவள் சிறுமியாக இருந்தபோது அந்த டத்தோ கிராமாட் வீட்டில் முன்கட்டில் இவர்கள், நடுக்கட்டில் ராமசாமி குடும்பம், பின்கட்டில் வள்ளியம்மா அக்கா. எல்லாருக்கும் ஒரே மீட்டர், ஒரே மெயின் சுவிட்ச். ஒரு தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் அப்பா விஸ்வலிங்கம் மெயினை இறக்கிவிட்டார். வள்ளியம்மா அக்கா அப்போது ஜன்னலில்லாத குளியலறையில் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தார். அவர் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அப்பா தினமும் ஆபீஸில் கணக்கு எழுதியவர்தான், வீட்டில் ஆளை எண்ண மறந்துவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டுக்கு ஒரு வழக்கம் வந்தது. வீட்டோடு எல்லாரும் கிளம்பும்போதெல்லாம் அப்பா மெயினில் கை வைத்துக்கொண்டு பேர் சொல்லிக் கூப்பிடுவார். “ராமசாமி?” “ஆச்சுண்ணே!” “வள்ளியம்மா?” “ஆச்சுங்கண்ணே!” எல்லா வாயிலிருந்தும் ‘ஆச்சு’ வந்தால்தான் சுவிட்ச் இறங்கும். சுஜீவன்தான் எப்போதும் கடைசி. ரேடியோவில் பாட்டு முடியட்டும் என்று வேண்டுமென்றே இழுத்தடிப்பான், படவா. அவன் வாயைத் திறக்கும் வரை செருப்பைப் போட்டுக்கொண்டு மொத்த வீடும் நிற்கும்.

போன வருஷம் பெட்டிகளில் ஒரு கோளாறு வந்தது. பட்டனை அழுத்தினால் திரையில் கம்பெனி முத்திரை தெரியும், உடனே பொசுக்கென்று அணைந்து, பிறகு மறுபடி வெளிச்சம் வரும். கூட வேலை செய்யும் குகன், “கண் சிமிட்டுற நேரம்தானே அக்கா, யாரும் பாக்க மாட்டாங்க லா” என்றான். துஷ்யந்தி விடவில்லை. தோண்டிப் பார்த்தால் வள்ளியம்மா அக்காவின் ஷாம்பு கதைதான். விரலை உணரும் சில்லு முதலில் எழுந்து, தன்னைச் சரிபார்த்துக்கொண்டு, “எனக்கு இப்போதைக்கு வேண்டாம்” என்று படுத்துவிடுகிறது. லைனைக் கேட்டு வேறு யாரும் பேர் கொடுக்கவில்லையே என்று சிஸ்டம் லைனை அணைத்துவிடுகிறது. திரையோ அதே லைனில்தான் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. அதை நடத்த வேண்டிய புரோகிராம் பேர் கொடுக்க இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

“வந்தவங்கள மட்டும் எண்ணினா எப்படி? வரவேண்டியவங்கள யாரு எண்ணுறது?” என்றாள். லைனைப் பங்குபோடும் எல்லாரும் வந்து தகவல் சொல்லும் வரை அணைக்கக் கூடாது என்று எழுதி வைத்தாள். சிமிட்டல் நின்றது. அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

இந்த வருஷம் விலை குறைந்த மாடல் ஒன்று வெளியானது. கெப்பாலா பத்தாஸ் பக்கத்துக் கிளினிக்குகளுக்குப் போன பெட்டிகள், பேட்டரி நிற்கவே இல்லை என்று திரும்பி வந்தன. பெட்டி தூங்கினாலும் அந்த லைன் மட்டும் தூங்கவில்லை. குகன் ஒன்றைத் திறந்து அவள் முன்னால் வைத்தான். ஸ்கேனர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“செலவைக் குறைக்க எடுத்துட்டாங்க அக்கா. நம்ம புரோகிராமுக்கு அது தெரியல. வரும் வரும்னு லைனைப் பிடிச்சிட்டே நிக்குது. கொஞ்ச நேரம் பாத்துட்டு அணைச்சிடட்டுமா?”

“மெதுவா வர்றவனும் இருக்கான், வராதவனும் இருக்கான். நேரத்த வச்சு எப்படிப் பிரிக்கிறது? இந்த மாடல்ல இவன் வரமாட்டான்னு முதல்லயே சொல்லி வச்சிரணும் தம்பி.”

சொல்லி முடித்ததும் அவளுக்குச் சுஜீவன் நினைவு வந்துவிட்டது. ‘எப்போ வர்ற’ என்று இத்தனை வருஷமாகக் கேட்டிருக்கிறாள். ‘பாக்கலாம் அக்கா’ என்று அவனும் சொல்லியிருக்கிறான். வரமாட்டாயா என்று மட்டும் கேட்டதில்லை. அவர்கள் வீட்டில் ‘போறேன்’ என்ற சொல்லே ஆகாது. அப்படியிருக்க இதை எந்த வாயால் கேட்பது?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் காருக்குள் போய் உட்கார்ந்து, மெல்பர்னுக்குப் போன் போட்டாள்.

“சுஜி, இங்க குடிவர மாட்டதானே? உள்ளதச் சொல்லு.”

அவள் பொறுத்திருந்தாள்.

“வரமாட்டேன் அக்கா. உன்னப் பாக்க வருவேன். இருக்கிறதுக்கு வரமாட்டேன்.”

“அப்ப ஏன்டா இவ்வளவு நாளா சொல்லல?”

“சொன்னா நீ மெயினை இறக்கிடுவியே. இங்க குளிர்ல வேலைக்குப் போறப்ப, நம்ம வீட்டு விளக்கு எரிஞ்சிட்டுத்தான் இருக்குன்னு நினைச்சுக்குவேன். அதான்.”

திட்டுவதற்கு வாய் திறந்தவள் அழுதுவிட்டாள். அவனுக்காக அவள் விளக்கை வைத்திருந்தாள். அது எரியட்டும் என்றுதான் அவனும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறான். ஷஹீதாவுக்கு வீட்டைக் கொடுத்துவிடலாம் என்று அவனே பிறகு சொன்னான்.

சனிக்கிழமை காலையில் டத்தோ கிராமாட் வீட்டுக்குப் போனாள். ஃபிரிட்ஜைக் காலி செய்து, ஜன்னல்களைச் சாத்தினாள். போனில் வீடியோவைப் போட்டு, சுஜீவனுக்குத் தெரியும்படி மெயினுக்கு எதிரே அலமாரியில் சாய்த்து வைத்தாள்.

“அப்பா மாதிரி கூப்பிடு அக்கா” என்றான்.

சுவிட்சில் கை வைத்தாள். “ராமசாமி?”

“ஆச்சுண்ணே!” என்று கரகரத்த குரலில் அவனே பதில் சொன்னான்.

“வள்ளியம்மா?”

“ஆச்சுங்கண்ணே!” கீச்சுக்குரல் அச்சு அசலாக இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சுஜி?”

வழக்கம்போல இழுத்தான். துஷ்யந்தி சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல், அவசரப்படுத்தாமல் நின்றாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

“ஆச்சு அக்கா” என்றான் கடைசியில், தன் சொந்தக் குரலில்.

மெயினை இறக்கினாள். ஃபிரிட்ஜின் உறுமல் அடங்கியது.