வார் கட்டிய பிள்ளை

போன கிழமை, தங்கச்சியின் குழந்தையைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாதே என்று பிரதான வீதியில் ஒரு கடைக்குள் ஏறினேன். ஒரு பவுடர் டின், ஒரு சவர்க்காரம், அவ்வளவுதான் என் திட்டம். உள்ளே போனால் ஒரு அலுமாரி முழுக்கக் குழந்தைச் சாமான். நான் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ஆனால் அங்கே இருந்ததில் பாதி எதற்கென்றே எனக்குத் தெரியவில்லை.

"இதென்ன முதலாளி, சைக்கிள் ஹோன் மாதிரி?" என்று ஒரு ரப்பர் குமிழைத் தூக்கிக் காட்டினேன்.

"பிள்ளையின்ர மூக்குச் சளி இழுக்கிறது, தம்பி."

"சளி இழுக்கவோ?"

"பின்ன? உங்கட வீட்டில வாயாலயோ உறிஞ்சினனீங்கள்?"

வாயால்தான் உறிஞ்சினோம். குமிழை இருந்த இடத்தில் வைத்துவிட்டு அடுத்ததைப் பார்த்தேன். நுனி மழுங்கிய ஒரு நகக் கத்தரிக்கோல் இருந்தது. என் மனைவி புவனம், பிள்ளை நித்திரையான பிறகு தன் பல்லாலேயே நகத்தைக் கடித்து எடுப்பாள். பல் முளைக்கும்போது கடிப்பதற்கென்று தண்ணீர் அடைத்த வளையம் ஒன்று இருந்தது. எங்கள் மூத்தவன் கடித்தது என் தோளை. அவன் பிறந்த காலத்தில் பால்மாவுக்கே வரிசையில் நிற்க வேண்டும், ஒரு ஊசி வேண்டுமென்றால் கொழும்பிலிருந்து யாராவது கொண்டுவரவேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குள் இத்தனை சாமானா? வெளிநாட்டுச் சாமானுக்கு நாடு கதவு திறந்து நாலைந்து வருஷம்கூட ஆகவில்லையே!

அலுமாரிக்குள்ளிருந்து ரப்பரும் புதுத் தோலும் கலந்த ஒரு மணம் வந்தது. அந்த மணம் மட்டும் எனக்கு முன்பே பழக்கம்.

மூத்தவன் சின்னவனாயிருந்த அந்தக் காலத்தில் நான் துறைமுகத்தில் கிளாக்கர். தேயிலைப் பெட்டிகள் கப்பலில் ஏறுவதை நின்று கணக்கெடுப்பது வேலை. எங்கள் குடும்பத்தில் பேனையைப் பிடித்துச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் என்பதால், வெயிலிலும் நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டுதான் நிற்பேன். ஒரு கப்பலில் வயதான வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் இருந்தார். அவருக்கு நான் செவ்விளநீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒருநாள் தன் பெட்டியிலிருந்து தோல் வார் ஒன்றை எடுத்துத் தந்தார். பிள்ளையின் நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டி, தோள்களில் இரண்டு, முதுகிலிருந்து நீண்ட வார் ஒன்று தாய் தகப்பன் பிடிப்பதற்கு. நெஞ்சில் மூன்று சின்ன மணிகள். பேரனுக்கென்று வாங்கினாராம். கப்பல் ஊர் போய்ச் சேர்வதற்குள் பேரன் வளர்ந்து பள்ளிக்கூடம் போய்விட்டானாம்.

எங்கள் மூத்தவன் ரவிக்கு அப்போது இரண்டு வயது. அவன் நடக்கப் பழகவில்லை, நேராக ஓடப் பழகியவன். அதுவும் கடலைக் கண்டால். சல்லிக் கிராமத்தில் இருந்த எங்கள் வீட்டு வாசலிலிருந்து அலைக்கு எத்தனை தூரம்? கூப்பிட்டால் கேட்கும் தூரம்கூட இல்லை. புவனம் அடுத்த பிள்ளைக்கு நிறைமாதம். அவளால் குனியவே ஏலாது. ஆகையால் எனக்கு அந்த வார் தெய்வம் தந்தது போலிருந்தது. வீட்டில் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை.

"பிள்ளையை நாய் மாதிரிக் கட்டுறதோ? இதுக்கோ படிச்சனீங்கள்?" என்றாள் புவனம்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த என் தகப்பனார், எங்கள் அப்பு, தலை நிமிராமலே சொன்னார்: "மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, உன்ர பிள்ளைக்கு நெஞ்சணாங்கயிறோ? சரி சரி, உழவுக்கும் விடு."

பேற்றுக்காக அவளை ஈச்சிலம்பற்றில் அவள் தாய் வீட்டுக்குக் கூட்டிப்போகும் நாள் வந்தது. மூதூருக்கு லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகில் கடலைக் கடந்து போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். என் இரு கையிலும் பெட்டி. வேறு வழியில்லாமல் புவனம் வாருக்குச் சம்மதித்தாள். மணி கிலுகிலுக்க மகன் முன்னால் ஓட, வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நான் பின்னால் ஓட, இறங்குதுறைக்குப் போனோம்.

அது வெருகல் முருகன் கோயில் திருவிழாக் காலம். அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. லோஞ்சில் ஏறி உட்கார்ந்ததும், முன்னாலிருந்த மூதூர் முஸ்லிம் அம்மா ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு காசை எடுத்து என் மகனின் உள்ளங்கையில் வைத்து மூடினார். பிறகு ஒரு கிழவர் வைத்தார். பிறகு பனையோலைப் பெட்டியோடு நின்ற ஒருவர்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பிச்சையா? எனக்கா? சப்பாத்துப் போட்ட எனக்கா?

"தம்பி, முருகனுக்கு அடிமை குடுத்த பிள்ளையோ?" என்று கிழவர் கேட்டபோதுதான் விளங்கியது. நோய்ப்பட்ட பிள்ளையைக் கோயிலுக்கு அடிமையென்று நேர்ந்து, பத்துப் பேரிடம் பிச்சை எடுத்த காசைக் கட்டித் திரும்ப மீட்பது எங்கள் பக்கத்து வழக்கம். கயிறு கட்டிய பிள்ளை, மணி, பிடித்துப்போகும் தகப்பன், வேறென்ன நினைப்பார்கள்?

புவனத்தின் முகம் செத்துப்போயிருந்தது. "இஞ்சாருங்கோ, முதல்ல அதை அவிட்டு விடுங்கோ. மானம் போகுது."

அவிழ்த்தேன். கொளுக்கியைக் கழற்றிய கை திரும்பவில்லை, அவன் ஓடினான். ஒரு பெரிய கப்பல் கிளப்பிவிட்ட அலையில் லோஞ்ச் ஒருபக்கம் சாய்ந்தது. லோஞ்சின் விளிம்பு அவன் இடுப்புயரம்கூட இல்லை. தலை போயிற்று, தோள் போயிற்று. இரண்டு உள்ளங்கால்கள் மேலே நின்றதை நான் பார்த்தேன். கத்தினேனா? தெரியாது. எழுந்தேனா? அதுவும் தெரியாது.

அந்த மூதூர் அம்மா எழும்பவே இல்லை. இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டினார். சட்டை விலகித் தெரிந்த இடுப்பில் கறுப்பு அரைஞாண்கொடி. பிறந்த முப்பத்தோராம் நாளில் கட்டி, பிறகு நாங்கள் யாரும் ஏறிட்டும் பார்க்காத கயிறு. அதில் இரண்டு விரலைக் கொளுவி இழுத்தார். கொடி அறுந்தது, ஆனால் அறுந்தபோது பிள்ளை அவர் மடியில் கிடந்தான்.

லோஞ்சே எழுந்து நின்றது. புவனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழக்கூட முடியாமல் இருந்தாள். அந்த அம்மா என்னைப் பார்த்துப் போட்டாரே ஒரு அதட்டல்!

"ஏன் மகன், நேத்திக் கடனுக்குக் கட்டினத நடுவழியில அவுக்கலாமா? உங்கட சாமி கோவிக்காதா? புடிச்சிக் கட்டுங்க புள்ளைய!"

நேர்த்தி இல்லை, அது வெள்ளைக்காரன் தந்த வார் என்று விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். புவனம் முந்திக்கொண்டாள்.

"ஓம் அம்மா. முருகனுக்குத்தான். பிழைதான் அம்மா."

அவளே வாரை எடுத்துப் பூட்டினாள். கொளுக்கி இரண்டு தரம் தவறியது. பிறகு வாரைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, மடியை விரித்து, மூதூர் வரும்வரை யார் யார் போட்டார்களோ அத்தனையையும் வாங்கினாள். தோப்பூரில் பஸ் நின்றபோது, யன்னலுக்குள்ளால் கடலைக்காரன் ஒருவன் காசோடு ஒரு சுருள் கடலையும் போட்டான். ஈச்சிலம்பற்றில் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, நேரே வெருகலுக்குப் போய், பூசகருக்கு முன்னால் அந்தக் காசைக் கொட்டி எங்கள் மகனை விலைக்கு வாங்கினோம். இதையெல்லாம் நம்பாதவன் நான். ஆனால் பூசகர் திருநீற்றைப் பூசிப் பிள்ளையை என் கையில் தந்தபோது, அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சந்நிதியைப் பார்த்துத் தலை குனிந்தேன்.

அந்த அம்மாவின் பெயரைக் கேட்க மறந்துவிட்டோம். மூதூர்த் துறையில் சனத்தோடு சனமாக இறங்கிப் போய்விட்டார். பிறகு எத்தனையோ தரம் போய் வந்தும் அவரைக் காணவில்லை.

இப்போது லோஞ்சின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குக் கம்பிவலை அடித்துவிட்டார்கள். நல்ல வேலைதான். இந்த வருஷம், அன்று வயிற்றிலிருந்த சின்னவளோடு போனபோது, ஏறின உடனே அவள் என் கையை உதறிவிட்டு ஓரத்துக்கு ஓடினாள். நான் பதறி எழுந்தேன். அவள் வலையில் முகத்தை வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலை இருக்கிறதே என்று பக்கத்தில் இருந்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. யாரும் கை நீட்டவில்லை.