வண்டி ஓட்டுகிறவனுக்குச் சொல்லாதது

வீட்டையே ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவனுக்குக் காலையில் ஒரு வேலை இருக்கிறது. தொழுகைக்கு முகம் திருப்ப வேண்டிய கிப்லா எந்தப் பக்கம் என்று தேட வேண்டும். வாடகைக்கு எடுத்த ஆர்.வி. வண்டிக்குள் அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் இருந்தன. ஆனால் நேற்று அடுப்புப் பக்கம் இருந்த மக்கா, இன்று வண்டியைத் திருப்பி நிறுத்தியதும் கழிப்பறைப் பக்கம் போய்விடும். திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவனுக்குத் தொழுகை என்றால் மேற்கு, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அமெரிக்காவில் வடகிழக்கே பார்த்து நிற்க வேண்டும். வந்து பதினோரு வருடமாகியும் என் உடம்பு முதலில் மேற்கே திரும்பிவிட்டுப் பிறகுதான் தன்னைத் திருத்திக்கொள்கிறது. யூட்டா மாநிலத்துச் செம்மலைகளுக்கு நடுவே, போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லாத காட்டில், மகள் ஆயிஷாவின் பள்ளிக்கூடத்துத் திசைகாட்டியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் தொழுதேன்.

அப்போது வாப்பா பேட்டையில் படுக்கையில் கிடந்தார். இருதயம் களைத்துவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊருக்குப் போக எனக்கு டிக்கெட் எடுத்தாயிற்று, இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. வாப்பாவின் முகத்தை உயிரோடு ஒருமுறை பார்த்துவிட வேண்டும், எனக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். அதற்குள், மகளுக்கு இரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி ஏமாற்றிய இந்தப் பயணத்தை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மலையில் இரண்டு நாள், பிறகு பாலைவனத்துக்கு நடுவே ஜொலிக்கிற லாஸ் வேகாஸ். “போனு கிடைக்காத காட்டுக்குள்ள இப்பம் போகணுமா மச்சான்?” என்று கேட்டாள் என் மனைவி ஜமீலா. அவள் ஏரல்காரி, எதையும் ஒருமுறைதான் கேட்பாள். “நாலு நாளுல என்ன ஆயிரப் போவுது” என்றேன். அந்த வாயை இன்றும் நான் மன்னிக்கவில்லை.

கிளம்புகிற அன்று வீடியோவில் வாப்பாவுக்கு வண்டியைச் சுற்றிக் காட்டினேன். தலையணையில் சாய்ந்தபடி சிரித்தார். “ஏலே, வீட்டுக்குச் சக்கரம் மாட்டி இழுத்துட்டுப் போறியோ!” மூச்சு வாங்கிக்கொண்டு தொழில் பேசினார். “இறக்கத்துல பிரேக்க மிதிச்சுக்கிட்டே போவாத. கியரக் கொறச்சுப் பைய இறங்கு. போய்ச் சேந்ததும் சொல்லு.” சவுதியில் இருபது வருடம் டிரெய்லர் ஓட்டியவர். பாலைவனத்தை எனக்கு முன்னால் பார்த்த மனிதர்.

அந்த இருபது வருடத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் கல்லூரி முடித்து வீட்டில் சும்மா இருந்த வருடம். வாப்பாவின் அண்ணன், எங்கள் பெரிய வாப்பா, ஒரு வெள்ளிக்கிழமை திடீரென்று மவுத்தானார். மய்யித்து, அவருடைய உடல், கூடத்தில் இருக்கிறது, போன் அடிக்கிறது. தம்மாமிலிருந்து ரியாத்துக்கு லோடு ஏற்றிப் போகிற வழியில் வாப்பா கூப்பிடுகிறார். உம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். பயணத்தில் இருக்கிறவனுக்கு, அதுவும் ஸ்டியரிங் பிடித்திருக்கிறவனுக்கு, மவுத்துச் செய்தி சொல்லக் கூடாது. போய் இறங்கி, ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் சொல்ல வேண்டும். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எங்கள் வீடுகளில் இது எழுதாத சட்டம். “காக்கா எங்கலே?” என்று வாப்பா கேட்டார். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். “தூங்குதாவ வாப்பா” என்றேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை, எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

விடுமுறைக்கு வந்தபோது வாப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். “அங்கன காக்காவ மண்ணுல வைக்காவ, நான் இங்கன பாட்டுக் கேட்டு, டீ குடிச்சு, சிரிச்சுப் பேசிக்கிட்டு ஓட்டியிருக்கேன் லே. அந்தச் சிரிப்ப நான் எங்க கொண்டுபோய்க் கழுவ?” என்றார். பிறகு, “எனக்கு ஒண்ணுன்னா ஒன்கிட்ட யாரும் மறைக்கக் கூடாது. நான் சொல்லி வச்சிருதேன்” என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் நான் அமெரிக்காவில் நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் விடியலில் மலையை விட்டு இறங்கினோம். ஒரு சிற்றூர் பெட்ரோல் பங்கில் சிக்னல் வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன். பேட்டையில் அப்போது சாயங்காலம். ராத்தா எடுத்தாள், என் அக்கா. “வாப்பா எப்படி இருக்காவ?” “தூங்குதாவ தம்பி.” பின்னால் நிறையப் பேச்சுச் சத்தம். கேட்டேன். பார்க்க வந்திருக்கிறார்கள் என்றாள். யாரோ ஓர் ஆண் குரல் “பைய, பைய” என்றது. “எழுப்பட்டுமா” என்று அவள் கேட்கவில்லை, நானே முந்திக்கொண்டு “எழுப்பாதே, தூங்கட்டும்” என்றேன். “நீ எங்க இருக்கே? இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டாள். மூன்று மணி நேரம் என்றேன். “பாத்து ஓட்டு தம்பி” என்றாள். நான் ஜமீலாவிடம், வாப்பாவைப் பார்க்கப் பாதிப் பேட்டை வந்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்தேன். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்திப் படம் எடுத்தோம். பாட்டும் கேட்டோம்.

லாஸ் வேகாஸில் ஆர்.வி.க்கள் வரிசையாக நிற்கும் திடலில் வண்டியை நிறுத்திவிட்டு, ‘வந்து சேர்ந்தோம்’ என்று செய்தி அனுப்பினேன். ஊரில் அப்போது நடுராத்திரி. அடுத்த நிமிடம் போன் அடித்தது.

“தம்பி, சாப்பிட்டியா?”

அந்தக் கேள்வியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் வீட்டுச் சட்டம் எனக்குத் தெரியாதா!

“அடக்கம் பண்ணியாச்சா?” என்றேன்.

ராத்தா உடைந்து அழுதாள். மஃரிபு தொழுகையோடு எடுத்துவிட்டார்களாம். நான் பங்கில் நின்று பேசியபோது வாப்பாவைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் “பைய, பைய” அதுதான். முகத்தைப் போனிலாவது காட்டியிருக்கலாமே என்று கத்தினேன், சொந்த அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சொன்னாள்:

“வாப்பாதான் தம்பி சொன்னாவ. கடைசியா சொன்னதே அதுதான். ‘பொண்டாட்டி புள்ளய வச்சுக்கிட்டு மலையில வண்டி ஓட்டுதான். இறங்கினப்புறம் சொல்லுங்க’ன்னு.”

அதற்குமேல் யாரிடம் கோபப்பட? இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்த கை, தன் சொந்த வார்த்தையையே வெட்டிப் போட்டுவிட்டது.

கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்துவிட்டு வெளியே வந்து வடகிழக்கே திரும்பி நின்றேன். மய்யித்து முன்னால் இல்லாமலே தொழுகிற காயிப் ஜனாஸா. அதில் குனிவதில்லை, நெற்றியைத் தரையில் வைப்பதில்லை, நின்றபடியே முடிந்துவிடும். எனக்கு நேர் எதிரே பக்கத்து வண்டி நின்றது. ஸலாம் கொடுத்து முடித்ததும் அந்த வண்டிக்கார வெள்ளைக்காரப் பெரியவர் சந்தோஷமாக இறங்கி வந்தார். “ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டே நிற்கிறாயே, வண்டி பிடித்திருக்கிறதா? முப்பதடி. உள்ளே வந்து பார்” என்றார். என் தகப்பனார் இறந்துவிட்டார் என்று அவரிடம் சொல்ல ஆங்கிலத்தில் நாலு வார்த்தை போதும். சொல்ல வரவில்லை. அவர் பின்னால் ஏறிப்போய் குளிர்பெட்டி, நாற்காலி, நீர்த்தொட்டி எல்லாவற்றையும் பார்த்து, அழகாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு இறங்கினேன்.

“புள்ளட்ட ஊருக்குப் போய்ச் சொல்லிக்கிடலாம் மச்சான். எத்தன நாளா ஆசப்பட்டா” என்றாள் ஜமீலா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. நானும் சரி என்றேன்.

சாயங்காலம் ஒரு பெரிய ஹோட்டலுக்கு முன்னால் நின்றோம். சொட்டு மழைக்கு ஏங்குகிற பாலைவனத்தில், பாட்டுக்குத் தக்கபடி தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பத்து மடங்கு எழும்பி ஆடியது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். ஆயிஷா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“வாப்பா, தாத்தாக்கு வீடியோ கால் போடலாமா? இதைக் காட்டணும்!”

“தாத்தா தூங்குதாவம்மா” என்றேன். இப்போதும் குரல் நடுங்கவில்லை.

அவள் சரி என்று போனைத் தூக்கி, தாத்தா எழுந்ததும் பார்க்கட்டும் என்று படம் பிடிக்க ஆரம்பித்தாள். பேட்டையில் கபருக் குழிக்குள் வாப்பாவை மேற்கே முகம் திருப்பி வைத்திருப்பார்கள். நான் அவள் தோளில் கை வைத்து, எந்தத் திசை என்று தெரியாமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.